ஈட்டி எறிகிற கைக்கு ஒரு சர்ஜன்

ஈட்டி எறிகிற என் அக்கா மகளுக்கு முழங்கையில் ஜவ்வு ஆபரேஷன் நடந்ததிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வருகிறது. ஆற்காட்டிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர், திருப்பத்தூரிலிருந்து ஒரு கோச், பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சார், எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க? பேரைச் சொல்லுங்க, நாங்களும் போயிடறோம்." பேரைச் சொல்ல எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. ஆனால் ஒருவருக்குக் கிழிந்திருப்பது ஜவ்வு, இன்னொருவருக்கு உடைந்து மிதப்பது எலும்புச் சில்லு, மற்றொருவருக்கு நரம்பில் கோளாறு. எல்லோருமே "முழங்கை வலி" என்றுதான் சொல்கிறார்கள். எனவே எப்படித் தேடினோம், டாக்டர்களிடம் என்ன கேட்டோம், எந்தப் பதிலைக் கேட்டதும் பைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தோம் என்பதையெல்லாம் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்தத் தேடலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வைத்தியத்துக்காக நாடே வந்து இறங்குகிற ஊர் நம்முடையது. காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா ரயில் வந்து நின்றால் இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர் கையில் ஸ்கேன் கவர். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எங்கு பார்த்தாலும் வங்காள மொழியில் போர்டு. "ஊர் உலகமே இங்க வருது, நீ எதுக்குடா வெளியில தேடற?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்கு நான் சொன்ன பதிலைத்தான் போன் செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் எல்லாம் சரி. நமக்கு வேண்டியது இந்த ஒரு ஆபரேஷனை, அதுவும் எறிகிறவர்களின் கையில், திரும்பத் திரும்பச் செய்து பழகிய ஆள். நாட்டில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஏன் குறைவு என்பது புரிந்துவிட்டால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்குக் குடியாத்தத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை. அக்கா வீடும் அதே தெருதான். மச்சான் வெளிநாட்டில் இருப்பதால் பெண்ணை மைதானத்துக்குக் கூட்டிப்போவது, 'மீட்' என்கிற தடகளப் போட்டிகளுக்கு அழைத்துப்போவது எல்லாம் என் பொறுப்பு. எட்டாவது படிக்கும்போதே ஈட்டியைப் பிடித்துவிட்டாள். கல்லூரிக்கு வந்த பிறகு எறிகிற தூரம் கூடியது, கூடவே வலியும் வந்தது. முதலில் எறிந்த மறுநாள் காலையில் மட்டும் வலித்தது. அப்புறம் எறியும்போதே வலித்தது. முழங்கையின் உள்பக்கம், எலும்பு புடைத்துக்கொண்டிருக்கிறதே, அதற்கு ஒரு விரல் கீழே. தைலம், ஸ்பிரே, கிரேப் பாண்டேஜ் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டில் ஈட்டியை விட்ட கையோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே 'டப்'பென்று ஏதோ விட்டுப்போனது என்றாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தன.

அன்று சாயங்காலமே தெருவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கையோ காலோ என்றால் முதலில் வருவது புத்தூர் கட்டுதான். ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய் மூலிகைக் கட்டு போட்டுக்கொண்டு வருகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதில் நம்பிக்கை வைத்திருக்கிற பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுந்த ஜவ்வு எந்தக் கட்டுக்கும் ஒட்டாது. கட்டுப் போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் முழங்கை இறுகிப்போகும். முழங்கையைப் போல சீக்கிரம் இறுகுகிற மூட்டு உடம்பில் குறைவு. கட்டுக்குப் போவதாக இருந்தாலும் ஸ்கேனைப் பார்த்த பிறகு போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்து ஒரு தனியார் கிளினிக். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, இது 'டென்னிஸ் எல்போ', ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். டென்னிஸ் எல்போ வலிப்பது முழங்கையின் வெளிப்பக்கத்தில். இவள் விரல் வைத்துக் காட்டியது உள்பக்கத்தில். அங்கேயே எனக்கு மனம் ஒப்பவில்லை, ஊசி வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஏற்கெனவே நைந்த ஜவ்வின் மேல் ஸ்டீராய்டு போட்டால் அது இன்னும் பலவீனமாகும் என்பது பிறகு தெரிந்தது. இதைப் படிக்கிற பெற்றோர் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள். எறிகிற பிள்ளைக்கு முழங்கையின் உள்பக்கம் வலித்தால், என்னவென்று கண்டுபிடிக்காமல் அந்த இடத்தில் ஊசி போட விடாதீர்கள்.

இப்போது அந்த ஜவ்வைப் பற்றி. டாக்டர்கள் அதை யு.சி.எல். என்பார்கள். மேல்கை எலும்பின் உள்முனையில் தொடங்கி, முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் போய் ஒட்டுகிற பட்டை. அதில் முன்பக்கத்து இழைதான் முக்கியம், நீளம் சுமார் ஓர் அங்குலம். ஈட்டி எறிகிறவர் ஓடி வந்து இடது காலை ஊன்றி நிறுத்தும்போது இடுப்பும் மார்பும் முன்னால் திரும்பிவிடும். முன்கையும் ஈட்டியும் மட்டும் பின்னால் தங்கிவிடும். அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் வாய் பிளப்பதுபோல் திறக்கப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் பிடித்து வைப்பது இந்தப் பட்டையும் அதைச் சுற்றியுள்ள முன்கைத் தசைகளும்தான். பெண்கள் ஈட்டி 600 கிராம், ஆண்கள் ஈட்டி 800 கிராம். எடையைப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் ஓடி வந்த வேகம் முழுக்க அந்த ஓரங்குலத்தின் மேல் வந்து விழுகிறது. போர்வெல்லில் இறக்கிய மோட்டாரின் நைலான் கயிறு கேசிங் பைப்பின் விளிம்பில் தினமும் உரசுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் இழை இழையாக நைந்துகொண்டே வரும், ஒரு நாள் பொத்தென்று விட்டுவிடும். இவள் கையில் நடந்ததும் அதுதான். மீட்டில் அறுந்தது கடைசி இழை. அதற்கு முந்தைய மாதங்களின் வலியெல்லாம் அது நைந்த கணக்கு.

இந்த ஜவ்வு இல்லாமல் சாதாரண வாழ்க்கை நடத்தலாம் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். குடம் தூக்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், மாவு பிசையலாம், எழுதலாம். வலி கூடத் தெரியாது. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் வேகமாக எறிகிறவருக்குத்தான் இது இல்லாமல் முடியாது. அதனால் எறிவதை விட்டுவிடத் தயாராக இருப்பவருக்கு இந்த ஆபரேஷனே தேவையில்லை. "விட்டுரும்மா, படிப்பைப் பாரு" என்று ஒரு டாக்டர் சொன்னார். மருத்துவப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. எறிந்தே ஆக வேண்டும் என்று வருகிறவர்கள் நம் நாட்டில் கொஞ்சம் பேர்தான். எனவே இதைச் செய்து கைப்பழகிய சர்ஜன்களும் கொஞ்சம் பேர்தான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பேஸ்பால் இருக்கிறது. 1974 செப்டம்பரில் டாமி ஜான் என்கிற பந்து எறிபவருக்கு ஃப்ராங்க் ஜோப் என்ற சர்ஜன் முதன்முதலில் இதைச் செய்தார். மணிக்கட்டுக்குப் போகிற ஒரு தசைநாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளை போட்டு, எட்டுப்போலக் கோத்துக் கட்டினார். திரும்ப ஆட நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். டாமி ஜான் 1976-இல் களத்துக்குத் திரும்பினார், 1989 வரை ஆடினார். அந்த ஆபரேஷனுக்கே அவர் பெயர் நின்றுவிட்டது. ஆனால் இந்த ஜவ்வுக் காயத்தை முதலில் எழுதி வைத்தவர் பின்லாந்தின் வாரிஸ் என்ற மருத்துவர், 1946-இல். அவர் பார்த்தது பேஸ்பால்காரர்களை இல்லை, ஈட்டி எறிபவர்களை. இதைப் படித்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. "ஈட்டிக்கெல்லாம் இது வராதே" என்று ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். ஈட்டியில்தானய்யா முதலில் கண்டுபிடித்தார்கள்!

நம் ஊரில் தினம் தினம் நடப்பது முழங்கால் ஜவ்வு ஆபரேஷன். கபடி, வாலிபால், பைக் விபத்து என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். முழங்கை என்றால் பெரும்பாலும் விழுந்து மூட்டு நழுவியது, எலும்பு நொறுங்கியது. அவற்றைக் கையாளுவதில் வேலூர் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். விளையாட்டென்று வந்தால் எங்கள் மாவட்டம் பெயர் வாங்கியது பளு தூக்குதலில். 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் எடுத்த சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். ஆகவே முதுகு, முழங்கால், தோள் என்றால் எங்கே போக வேண்டும் என்று இங்குள்ள கோச்சுகளுக்குத் தெரியும். எறிகிறவரின் முழங்கை என்றால் கையை விரித்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியது வேலூரிலேயே உள்ள ஒரு மூத்த எலும்பு மருத்துவர். அவர் பார்த்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நல்ல பரிசோதனை எப்படி இருக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

எடுத்த எடுப்பில் அவர் ஸ்கேனைக் கேட்கவில்லை. "எறியறப்ப எந்த இடத்துல வலிக்குது? கையைப் பின்னால இழுக்கறப்பவா, முன்னால கொண்டு வர்றப்பவா, விட்ட பிறகா?" என்று கேட்டார். இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. "முன்னால கொண்டு வர ஆரம்பிக்கறப்ப சார்" என்றாள். தலையாட்டிக்கொண்டார். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். முழங்கையை முழுக்க மடக்கினார். மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளி, தோள் மேற்கொண்டு திரும்ப இடமில்லாத வரை கொண்டுபோனார். அந்த அழுத்தத்தை விடாமலே முழங்கையை விருட்டென்று நீட்டினார். முழுக்க மடங்கியிருந்தபோதும் வலியில்லை, முழுக்க நீண்டபோதும் வலியில்லை. நடுவழியில் ஓர் இடத்தில் மட்டும் அவள் முகம் சுருங்கி, "அங்கதான் சார்!" என்று கத்திவிட்டாள். திருப்பி மடக்கினார், அதே இடத்தில் மறுபடியும் வலி. அப்புறம் இன்னொரு கையையும் அதேபோல் செய்து பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பை விரலால் மெல்லத் தட்டி, சுண்டுவிரலில் ஊசி குத்துகிறதா என்று கேட்டார். கடைசியாகக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்கச் சொன்னார். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் கம்பிபோல எழும்பி நின்றது. "இது இருக்கு, நல்லது" என்றார்.

புது ஜவ்வாக வைக்க வழக்கமாக எடுப்பது அந்த நாணைத்தான். பால்மாரிஸ் என்று அதற்குப் பெயர். எடுத்துவிட்டாலும் கைக்கு எந்தக் குறையும் வராது. சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அப்படியானால் தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுப்பார்கள். வீட்டில் நீங்களும் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "விழுந்து கிழிச்சுக்கிட்டு வர்ற முழங்கை நான் நிறைய பண்ணியிருக்கேன். எறியறவங்களுக்கு ஜவ்வு புதுசா வைக்கறது என் கையில ரொம்ப கம்மி. இந்தப் பொண்ணு மறுபடியும் போட்டியில எறியணும்னா, தோள் முழங்கை மட்டுமே பார்க்கறவங்ககிட்ட போங்க. ஸ்கேன் மட்டும் சரியா எடுத்துக்கிட்டுப் போங்க." நானே செய்துவிடுகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே சரி என்றிருப்போம். தன் கைக்கு எது பழக்கம், எது பழக்கமில்லை என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மருத்துவருக்கு நான் கும்பிடு போடுவேன்.

ஸ்கேன் விஷயத்தில் அவர் சொன்னது இது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் முழுக்க அறுந்த ஜவ்வு தெரிந்துவிடும். பாதி கிழிந்தது, அதிலும் கீழ் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் உள்பக்கமாக உரிந்தது, தவறிப்போகலாம். மூட்டுக்குள் மருந்து ஏற்றி எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஒன்று இருக்கிறது. கிழிசலுக்குள் மருந்து கசிவது படத்தில் தெரியும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல் படங்கள் உள்ள சி.டி.யையும் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல சர்ஜன் படத்தைத் தானே பார்ப்பார். இன்னோர் இடத்தில் ஒருவர் கவரைக்கூடப் பிரிக்காமல் "ஆறு மாசத்துல எறியலாம்" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

ஆறு மாதம் என்பது எல்லா நேரமும் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜவ்வு நன்றாக இருந்து ஒரு முனையில் மட்டும் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால், அதையே திரும்ப எலும்பில் ஒட்டி, மேலே ஒரு பலமான நாடாவை வைத்துத் தைக்கிற முறை கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்திருக்கிறது. அதில் ஆறேழு மாதத்தில் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருடக்கணக்கில் நைந்த ஜவ்வுக்கு அது ஆகாது, புதிதாகத்தான் வைக்க வேண்டும். இரண்டில் நம் பிள்ளைக்கு எது, ஏன் என்று சர்ஜன் படத்தைக் காட்டி விளக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காதவரிடம் கையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நீரஜ் சோப்ரா பற்றி. எங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் அவரைத்தான் சொன்னார்கள். "நீரஜுக்கும் முழங்கை ஆபரேஷன்தான், எட்டு மாசத்துல வந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கலையா?" உண்மைதான். 2019 மே மாதம் மும்பையில் டாக்டர் தின்ஷா பர்திவாலா அவருக்கு ஆபரேஷன் செய்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார். 2021-இல் அங்கே 87.58 மீட்டரில் தங்கம். ஆனால் அவருக்கு முழங்கையிலிருந்து எடுத்தது எலும்புத் துண்டுகளை. ஜவ்வு புதிதாக வைத்த ஆபரேஷன் இல்லை அது. துளை போட்டுக் கோத்த நாண் எலும்புக்குள் வேர்பிடித்து உறுதியாக வேண்டிய வேலை அதில் கிடையாது. நீரஜின் மாதக் கணக்கை ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளையின் மேல் சுமத்தினால் அந்தப் பிள்ளை சீக்கிரம் எறியப் பார்க்கும், வைத்த ஜவ்வு மறுபடி போய்விடும். கோச்சுகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கெங்கே தேடினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பந்துவீச்சு முறையைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. எலும்புக்கும் கை அறுவைக்கும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை பெயர் பெற்றது. மும்பையில் விளையாட்டு வீரர்களைப் பார்க்கிற சர்ஜன்கள் இருக்கிறார்கள். டெல்லி சஃப்தர்ஜங் அரசு மருத்துவமனையில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. செலவை நினைத்துப் பின்வாங்குகிறவர்கள் அதையும் மனதில் வைக்கலாம். எந்த ஆஸ்பத்திரியானாலும் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இடுப்பு பார்ப்பவர், முதுகு பார்ப்பவர், தோள் முழங்கை பார்ப்பவர் என்று தனித்தனியாக இருப்பார்கள். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே "தோள் முழங்கை பார்க்கறவர்கிட்ட வேணும்" என்று சொல்லிப் போட வேண்டும். இல்லாவிட்டால் அன்று ஓ.பி.யில் யார் இருக்கிறாரோ அவரிடம்தான் டோக்கன் விழும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த ஆபரேஷனை எறிகிறவர்களுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போய்க் கணக்கு கேட்பதா என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒருவர் கோபப்பட்டார், "நெட்ல படிச்சுட்டு வந்துடறீங்க" என்றார். கடைசியில் எங்களுக்கு ஆபரேஷன் செய்த சர்ஜன் கோபப்படவில்லை. எத்தனை பேர், அதில் கிரிக்கெட் ஃபீல்டர்கள் எத்தனை, ஈட்டிக்காரர்கள் எத்தனை, திரும்ப எறிய முடியாமல் போனவர்கள் யார் என்பது வரைக்கும் சொன்னார். முடியாமல் போனவர்களைப் பற்றி அவராகவே பேசியபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அடுத்தது நரம்பு. ஷாக் அடிக்கிற அந்த நரம்பு ஜவ்வை ஒட்டியே போகிறது. ஜோப் முதலில் செய்த முறையில் தசையைப் பிரித்தெடுத்து நரம்பை இடம் மாற்றி வைத்தார்கள். பின்னால் தசையை இழைவாக்கில் விலக்கிவிட்டு, நரம்பைத் தொடாமலே ஜவ்வை வைக்கிற முறை வந்தது. சிலர் எல்லோருக்குமே நரம்பை முன்னால் எடுத்து வைப்பார்கள், சிலர் மரத்துப்போகிறவர்களுக்கு மட்டும். இவளுக்கு விரல் மரத்துப்போனதால் நரம்பை என்ன செய்யப்போகிறீர்கள் என்று தனியாகக் கேட்டோம். கீழ் எலும்பில் இரண்டு துளை, மேல் எலும்பில் ஒரு குழி, நாணின் இரு முனைகளையும் அந்தக் குழிக்குள் இழுத்து முடிச்சுப் போடுவோம் என்று ஒரு தாளில் வரைந்தே காட்டினார். அந்தத் தாள் இன்னும் என் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஆனால் உடனே ஆபரேஷனுக்கு அவரும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் முழுக்க அறுந்திருப்பது தெளிவாக இருந்ததால்தான் பேச்சு ஆபரேஷனுக்குப் போனது. பாதிக் கிழிசல் என்றால் முதலில் எறிவதை முழுக்க நிறுத்தி, முன்கைத் தசைகளையும் தோள்பட்டையையும் பலப்படுத்தி, சில மாதம் கழித்துப் படிப்படியாக எறிந்து பார்ப்பதுதான் முறை என்றார். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடுகிற பி.ஆர்.பி. ஊசியும் சிலருக்குப் பலன் தருகிறது, சிலருக்கு இல்லை. பார்த்த அன்றே அட்மிஷன் போடச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். இது உயிர்போகிற அவசரம் இல்லை, இன்னோர் இடத்தில் காட்டிவிட்டு வர எப்போதும் நேரம் இருக்கிறது.

பலன் எப்படி என்றும் கேட்டோம். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில் நூற்றுக்கு 83 பேர் பழைய நிலைக்கோ அதற்கு மேலேயோ திரும்பியிருக்கிறார்கள், போட்டிக்கு வரச் சராசரியாக 11.6 மாதம் ஆகியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பேஸ்பால்காரர்கள். ஈட்டிக்கு இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றேகால் வருடம் என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது என்றார் சர்ஜன். ஆபரேஷனுக்குப் பிறகு கைக்கு முன்பைவிடப் பலம் வரும் என்று சில பையன்கள் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பலம் வந்தால் அது அந்த ஒரு வருடம் ஒழுங்காகச் செய்த பயிற்சியால் வந்தது.

அக்காவின் கவலை வேறு. "கல்யாணம் ஆகப்போற பொண்ணு, கையில இம்மாம் பெரிய தழும்பா?" அதை நான் அலட்சியம் செய்யவில்லை. அவள் அம்மா, அவளுக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். சர்ஜனிடமே கேட்கச் சொன்னேன். முழங்கையின் உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும், மணிக்கட்டில் சின்னதாக ஒன்று என்று அவர் அவள் கையிலேயே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். பெண்தான் பதில் சொன்னாள். "அம்மா, நான் எறியாம வீட்ல உட்கார்ந்திருந்தா உனக்குப் பரவாயில்லையா?" அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், அதனால் ரிவியூவுக்குப் போய்வரச் சிரமமில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தையல் பிரிப்பது, முழங்கையைத் தாங்குகிற பிரேஸின் கோணம் மாற்றுவது, எறிய ஆரம்பிக்க அனுமதி வாங்குவது என்று வருடம் முழுக்கப் போக வேண்டியிருக்கும். மும்பையில் செய்துகொண்டு பாதியில் ரிவியூவை விட்டுவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். தகுதியுள்ள இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவரையே பாருங்கள்.

வேலூரின் அருமை ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கையைத் திரும்பப் பழக்குகிற வேலையில் இந்த ஊருக்கு நெடுங்காலப் பழக்கம். 1940-களின் கடைசியிலேயே டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றி வைத்து, அந்தக் கைகளை வேலை செய்ய வைத்தார். அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்ததும் அவரால்தான். ஒரு நாணை எடுத்து வேறு வேலைக்கு வைத்தால் அதற்குப் புது வேலையைக் கற்றுத்தரப் பொறுமை வேண்டும் என்பது இந்த ஊர் பிசியோக்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத பாடம். எங்களுக்குக் கிடைத்த பிசியோ ஓர் இளம்பெண். சர்ஜனிடம் போனில் பேசி, எந்த வாரம் எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு நீட்டலாம் என்று ஒரு அட்டை போட்டுவிட்டார். சர்ஜனைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேட்டுவைப்பது நல்லது. ஊரில் இருக்கிற பிசியோவோடு பேசுவீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். பேசமாட்டேன் என்கிறவர் ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைக்கிறவர்.

முதல் வாரம் கையை அசையாமல் வைக்கிற ஸ்பிளின்ட். பிறகு கீல் வைத்த பிரேஸ், மெல்ல மெல்லக் கோணம் கூட்டினார்கள். கையை நீட்டுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, சில நாள் அழுதாள். மணிக்கட்டு, விரல், தோள், முதுகு, இடுப்பு என்று முழங்கையைத் தவிர எல்லாவற்றுக்கும் பயிற்சி. ஐந்தாவது மாதத்தில் டென்னிஸ் பந்தைப் பத்து மீட்டருக்கு எறிந்தாள். அப்புறம் தூரம் கூடியது, அப்புறம் எடை கூடியது, அப்புறம் நின்ற இடத்திலிருந்து ஈட்டி. இடையில் கோச் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதைத் திருத்தாமல் புது ஜவ்வை வைத்து என்ன பயன்? இப்போது மூன்றடி ஓடி எறிகிறாள். முழு ரன்-அப்புக்கு சர்ஜன் இன்னும் அனுமதி தரவில்லை. கேட்டுக் கேட்டு நச்சரிக்கிறாள், நானும் விடுவதாக இல்லை.

பணம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷன் வரும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநில அளவில் இடம் பிடித்த பிள்ளைகள் சான்றிதழ்களோடு மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்ப்பது நல்லது. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஆம்பூரிலிருந்து ஓர் அப்பா பேசினார். பையனுக்கு வயது பதின்மூன்று, ஈட்டி எறிகிறான், முழங்கை உள்பக்கம் வலி, எந்த சர்ஜனிடம் போவது என்று கேட்டார். அந்த வயதில் ஜவ்வைவிட எலும்பின் வளரும் நுனிதான் முதலில் பிய்யும். இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், பிள்ளைகளின் எலும்பைப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள், பெரும்பாலும் எறியாமல் ஓய்வு கொடுத்தாலே ஆறிவிடும் என்றேன். அப்புறம் எத்தனை கிராம் ஈட்டி எறிகிறான் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஈட்டிதான் இருக்கிறதாம், பெரியவர்களுடையது, 800 கிராம். 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கே 700 கிராம்தான். அந்தப் பி.டி. மாஸ்டரின் நம்பரை வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே ஆம்பூர் போய் அவரிடம் பேசப்போகிறேன்.